ஆவுடைத்தாய் போனில் ஒரு தாலாட்டு

"நீ வைக்காம அது எப்படி எம்மா வரும்?"

"நான் என்னத்தட்டி கண்டேன், அடுப்புல பாகு கெடக்கு, நான் போயி பாட்டு..."

"ஊரே கேட்டிருக்கு. சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி நடு ரோட்டுல வண்டிய நிப்பாட்டி..."

"...பாட்டு வைக்கத் தெரிஞ்சா நான் ஏன் மிட்டாய் போட்டுப் பொழைக்கேன்?"

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் ஆவுடைத்தாயும் மகள் பொன்மணியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாகு பொங்கி வந்தது. ஆவுடைத்தாய் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் ஊற்றி, உருளைக்கட்டையால் தேய்த்து முடிக்கும் வரை சண்டை நின்றது. பாகு காத்திருக்காது, சண்டை காத்திருக்கும். கத்தியைக் கையில் எடுத்து மிட்டாயை வில்லை போடத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். காலையில் காய் வாங்கப் போன பொன்மணியை வெல்ல மண்டி சங்கிலிப்பாண்டி பார்த்துவிட்டார். மொபெட்டை நிறுத்தி, பையனோ பொண்ணோ எதுவானாலும் முதல் மிட்டாய் எனக்குத்தான் என்று சிரித்தார். பொன்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் அவள் முழித்ததை அவர் வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, உங்க அம்மா போன்தான் எல்லாத்தையும் சொல்லுதே என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். பொன்மணி ஓரமாக நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவில்லை. ஒரு பெண்குரல் குழைந்து குழைந்து பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தது. ஆராரோ, ஆரிரரோ.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் மடி நிறையாத பெண்ணுக்கு அந்தப் பாட்டைக் கடைத்தெருவில் நின்று கேட்க எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவும் போன வாரம் நடந்ததற்குப் பிறகு. பொன்மணியும் அவள் புருஷன் சோலைராஜும் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்து வந்திருந்தார்கள். டாக்டர் இருவரையும் சோதித்துவிட்டு, பொன்மணிக்கு ஒரு குறையும் இல்லை என்றும் மருந்து சாப்பிட வேண்டியது சோலைராஜ்தான் என்றும், ஆறு மாசம் பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொல்லியிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில், சாத்தூர் தாண்டும் வரை வாய் திறக்காமல் வந்த சோலைராஜ், எங்க அம்மாட்ட மட்டும் சொல்லிராத என்றான். பொன்மணி சரி என்று தலையாட்டினாள். பெற்ற தாயிடமும் சொல்லவில்லை.

"ஏட்டி, என் போன்ல பாடுத பாட்டு எனக்கே கேக்காதுங்கியே. அது என்ன நியாயம்?" என்றாள் ஆவுடைத்தாய்.

"கூப்பிடுதவங்களுக்குத்தான் எம்மா கேக்கும். அது அப்படித்தான். நீ எதையாச்சும் அமுக்குனியா?"

"நீதானட்டி சொன்ன, என்ன வந்தாலும் ஓக்கேய அமுக்குன்னு."

பொன்மணி அப்படிச் சொன்னது உண்மைதான். பொங்கலுக்குத் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தபோது, பொழுதுக்கும் இது என்ன வந்திருக்கு அது என்ன வந்திருக்கு என்று மூன்று வீடு தாண்டி ஓடிவந்து கேட்கிறாளே என்ற எரிச்சலில் சொன்னது. கம்பெனிக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை முறை எதை எதையோ காட்டி, வேண்டுமா வேண்டுமா என்று கேட்பான் என்பதை அவள் யோசிக்கவில்லை. பாகுக் கையோடு ஆவுடைத்தாய் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கொஞ்ச நாளா போன் அடிச்சு அடிச்சு நின்னுபோவுதே, அது இதுதானா? எடுக்கப் போனா வச்சிருதாக," என்றாள் ஆவுடைத்தாய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. கடம்பூரிலிருந்து சம்பந்தி இசக்கியம்மாள்.

எடுக்காதே என்றாள் மகள். சம்பந்தி போனை எடுக்காமல் இருக்க முடியுமா என்று தாய் எடுத்தாள். இசக்கியம்மாளின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. கடம்பூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவள். கடைக்கு எதிர்ச்சாரியில் நிற்கிறவனிடமும் கல்லாவில் இருந்தபடியே கணக்குப் பேசுவாள்.

"மதினி, நான் பஸ் ஏறிட்டேன். நீங்க வாயால சொல்லலைன்னு நான் ஒண்ணும் நெனைக்கல. மூணு மாசம் தாண்டாம வாயால சொல்லக் கூடாதுதான? எங்க காலத்துல பச்சரிசியும் அச்சுவெல்லமும் குடுத்துவிடுவோம், இப்ப நீங்க போன்ல பாடவிட்டுட்டீக. மூணு தடவ போட்டுக் கேட்டேன், நீங்க எடுக்கதுக்கு முன்னால வச்சிட்டேன். எனக்குப் புரிஞ்சு போச்சு."

"மதினி, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீக. சொன்னா கண்ணு பட்டுரும். வந்து பாத்துக்கிடுதேன்."

போன் நின்றுபோனது.

சண்டையும் நின்றுபோனது. இசக்கியம்மாள் சொன்னது அவர்கள் பக்கத்து வழக்கம். தலைப்பிள்ளைச் செய்தியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டுக்கு ஒரு படி பச்சரிசியும் வெல்லமும் கொடுத்தனுப்புவாள், வாங்கிக்கொள்கிறவள் ஒன்றும் கேட்காமல் மடியில் வாங்கி உள்ளே வைப்பாள். போனில் தாலாட்டைக் கேட்ட இசக்கியம்மாள் அதை அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், இதென்ன பாட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

ஆவுடைத்தாய் கத்தியைக் கீழே வைத்தாள். மகளைப் பார்க்காமல், பலகையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மெய்யாவே ஒண்ணும் இல்லியாட்டி?"

"இல்ல எம்மா."

அம்மாவுக்கும் கொஞ்ச நேரம் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது என்று பொன்மணிக்கு அப்போதுதான் தெரிந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு மிட்டாய்த் துண்டை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தாள். ஆவுடைத்தாயும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அந்தப் பாட்டையாவது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பொன்மணி வீட்டுக்கு ஓடிச் சோலைராஜை எழுப்பினாள். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தான். பஞ்சுத்தூசி இன்னும் புருவத்தில் ஒட்டியிருந்தது. அம்மா வருகிறாள், எதற்கு வருகிறாள் என்பதைக் கேட்டு அவன் முழு முழிப்புக்கு வந்தான். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவன் சோலைராஜ். கண்டக்டர் பாக்கிச் சில்லறை தராவிட்டால் கேட்காமல் இறங்கிவிடுவான். தாய்க்கு முன்னால் இருக்கிற பேச்சும் பாதியாகிவிடும்.

அவன் கம்பெனிக்குப் போன் போட்டான். தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினான். புதுப் பாட்டு வேண்டுமானால் ஒன்று, இப்போதிருக்கும் பாட்டை நண்பருக்குப் பரிசளிக்க இரண்டு, பக்திப் பாடலுக்கு மூன்று. பாட்டே வேண்டாம் என்கிறவனுக்கு ஒரு எண்ணும் வைக்கவில்லை. ஒன்பதை அமுக்கினால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் சொன்னாள், சொல்லிவிட்டு வீணை வாசிக்கவிட்டுப் போய்விட்டாள். கடைசியில் நிஜமான ஒரு பெண் வந்தாள். போனுக்கு உடையவர்தான் பேச வேண்டும் என்றாள். சோலைராஜ் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

உங்கள் பாடலை மாற்ற விரும்புகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஒரு பாட்டும் வேண்டாம் தாயி, முன்ன மாதிரி ட்ரிங் ட்ரிங்னு அடிச்சாப் போதும் என்றாள் ஆவுடைத்தாய். இந்த வாரம் புதிதாக வந்திருக்கும் பத்துப் பாடல்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாமே என்றது குரல்.

"தாயி, ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"ஆயிட்டுன்னா ஒனக்குப் புரியும். பிள்ளை இல்லாத வீட்டுல ஊருக்குக் கேக்க தாலாட்டு பாடுனா நல்லாவா இருக்கு?"

வேறு ஏதாவது உதவி தேவையா என்று கேட்டது குரல். ஆனால் அதைக் கொஞ்சம் தணிந்து கேட்டது. கேட்டுவிட்டு, கம்பெனி வலைத்தளத்தில் போய் நீங்களே நிறுத்தலாம் அம்மா, அதுதான் சீக்கிரம் நடக்கும் என்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் வேகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

கடைக்காரர்கள் ஆர்டர் சொல்லக் கூப்பிடுவார்கள் என்பதால் ஆவுடைத்தாய் போனை அவளிடமே விட்டுவிட்டு, சோலைராஜ் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குச் சைக்கிளை மிதித்தான்.

அங்கே மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றுதான் காலி. வலைப்பக்கம் மேலிருந்து கீழே வரி வரியாக, கோலம் போடுவதுபோல் வந்தது. போன் நம்பரைக் கேட்டது, அடித்தான். உங்கள் போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே அடியுங்கள் என்றது. போன்தான் கொட்டகையில் இருக்கிறதே. அந்த எண்ணைக் கேட்பதற்காகத் தன் போனிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டான்.

அதுவரை அந்தப் பாட்டை அவன் கேட்டதில்லை. எல்லாரும் சொல்லித்தான் தெரியும்.

ஆவுடைத்தாய் எடுக்கவில்லை. பாகு நேரமாக இருக்க வேண்டும். பாட்டு முழுசாக ஓடியது. மாமன் கொண்டுவந்த கொலுசும் அத்தை கொண்டுவந்த வளையலும் வந்தன. அப்பன் மட்டும் கடைசி அடியில்தான் வந்தான், வேலை முடிந்து வந்து தொட்டிலை எட்டிப் பார்க்கிறவனாக. சோலைராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான். பாட்டு முடிந்து போன் கட்டாகிவிட்டது. மறுபடியும் போட்டான். எண்ணைக் கேட்கவா, பாட்டைக் கேட்கவா என்று அவனிடம் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த முறை பாட்டின் நடுவில் ஆவுடைத்தாய் எடுத்துவிட்டாள்.

"மாப்ள, என்னமோ நம்பரு வந்துது. ஓக்கேய அமுக்கிட்டேன்."

நம்பர் மறைந்துபோயிருந்தது. அத்தோடு அவள் அமுக்கிய இன்னொன்றில் தினமும் ராசிபலன் அனுப்புவதாகக் கம்பெனி வேறு வாக்குக் கொடுத்திருந்தது. சோலைராஜ் பொறுமையாகச் சொன்னான், மறுபடி அனுப்பச் சொல்லுதேன் அத்தை, வந்தா ஒண்ணும் அமுக்காதீங்க, வாசிங்க. அவள் ஒவ்வொரு எண்ணாக, நடுவில் அடுப்பைத் திட்டிக்கொண்டே வாசித்தாள். இவன் அடித்தான். வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் உங்கள் வேண்டுகோள் ஏற்கப்பட்டது, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பாடல் நிறுத்தப்படும் என்று வந்தது. நாளை இந்நேரம் வரை பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இசக்கியம்மாள் அதற்குள் வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் பெரிய ஒயர் கூடை, இன்னொரு கையில் மடித்த குடை. தெருவில் பார்த்தவர்களை எல்லாம் வழக்கத்தைவிட ஒரு பல் கூடுதலாகக் காட்டிச் சிரித்துக்கொண்டே மகன் வீட்டுக்குள் நுழைந்தாள். தண்ணீர் கொடுக்கக் குடத்தைச் சாய்த்த பொன்மணியின் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். குனியாதட்டி, நான் மோந்துகிடுதேன் என்றாள். கூடையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய், மாங்காய் வத்தல், வாழையிலையில் சுற்றிய போளி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போளி இன்னும் லேசான சூட்டோடு நெய் வாசம் வீசிக்கொண்டிருந்தது.

பொன்மணி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் பாட்டு நாங்க வச்சது இல்ல. எங்க அம்மா தெரியாம எதையோ அமுக்கிட்டா. கம்பெனிக்காரன் போட்டுவிட்டுட்டான். எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை."

இசக்கியம்மாள் கையில் ஊறுகாய் ஜாடி இருந்தது. அதை இறக்கி வைக்காமலே கேட்டாள்:

"எனக்குப் பேரன் வேணும்னு கம்பெனிக்காரனுக்கு எப்படிட்டி தெரியும்?"

பொன்மணிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இசக்கியம்மாளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போளியைப் பிரித்து ஒன்றை எடுத்து மருமகள் கையில் வைத்தாள். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகிற பழக்கம் எங்க வீட்டில் இல்லை, தின்னு என்றாள்.

பிறகு, சாவகாசமாகப் பேசினாள். நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போடுகிறேன், மழை உண்டா என்று கேட்கிறேன், கரண்டு உண்டா என்று கேட்கிறேன், கேட்க வேண்டிய இந்த ஒன்றைத்தான் கேட்டதில்லை, கேட்டால் உனக்கு வலிக்கும் என்று. இப்போது எவனோ ஒருத்தன் பாட்டைப் போட்டு என் வாயைத் திறந்துவிட்டான், அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள். இதைக் கேட்டபோது பொன்மணிக்கு, இந்த மனுஷியிடமா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது. சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. பஸ்ஸில் தலையாட்டியது ஞாபகம் வந்தது. போளியைக் கடித்தாள்.

மிட்டாய்த் தட்டோடு வந்த ஆவுடைத்தாய், வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பார்த்தாள்.

"உள்ள வாங்க மதினி," என்றாள் இசக்கியம்மாள். "ஒங்க போன்ல கேக்கச் சொல்லி கடம்பூர்ல பாதித் தெருவுக்கு நம்பர் குடுத்துட்டேன். இப்ப போயி கம்பெனிக்காரன் வேலைன்னு சொன்னா எவ நம்புவா?"

"அதான் புது நம்பரா வந்து வந்து நின்னுபோச்சா? நான் மிட்டாய் ஆர்டர்னுல்லா நெனச்சேன்."

"ஆர்டரும் வரும், பாருங்க. நல்லாத்தான் பாடுதா அந்தப் பொம்பள."

சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் கேலி பண்ணிக்கொண்டு, மிட்டாயும் போளியும் கலந்து தின்றார்கள். சாத்திய கதவைத் திறந்து வைத்தார்கள். வெயில் கரிசல் புழுதியோடு உள்ளே வந்து தரையில் விழுந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு நடக்கும் என்று பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

சோலைராஜ் வந்து சைக்கிளைச் சாத்தினான். நாளைக்கு நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இசக்கியம்மாள் அவனுக்கும் ஒரு போளி எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மருமகளிடம் பேச்சைத் தொடர்ந்தாள். பேச ஆரம்பித்துவிட்டோம், இனி முழுசாகப் பேசிவிடுவோம் என்கிற தெம்பு அவள் குரலில் இருந்தது. வருகிற சஷ்டியிலிருந்து ஆறு சஷ்டிக்குப் பொன்மணி விரதம் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் மட்டும்தான். ஆறாவது சஷ்டிக்குக் கழுகுமலைக்கு நடந்தே போக வேண்டும், கூட நானும் நடக்கிறேன். மிட்டாய் அடுப்புப் பக்கம் போவதைக் குறைக்க வேண்டும், அந்தச் சூடுதான் உடம்புக்கு ஆகவில்லை.

அடுப்பைச் சொன்னதும் ஆவுடைத்தாயின் முகம் சுண்டியது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவள், மிட்டாய்த் தட்டைச் சம்பந்தி பக்கம் நகர்த்திவிட்டு மகளைப் பார்த்தாள். பொன்மணி எல்லாவற்றுக்கும் சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"எம் மகனுக்கு ஒரு கொறையும் கெடையாது," என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள் இசக்கியம்மாள். "நீதான் தாயி, ஒடம்பக் கொஞ்சம் வருத்தணும்."

பொன்மணி சரி என்றாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவன் கேட்டுக்கொண்டதைத் தன் முகமே சொல்லிவிடும் என்று பயந்தாள்.

சோலைராஜ் கையிலிருந்த போளியை இலையில் வைத்தான். விரலில் ஒட்டியிருந்த நெய்யைக் கைலியில் துடைத்தான்.

"எம்மா, அந்த விரதத்த எனக்குச் சொல்லித் தா. டாக்டர் மருந்து எழுதிக் குடுத்தது இவளுக்கு இல்ல, எனக்கு."